நிறை, குறை, மிகை: எண்களும் அவற்றின் காரணிகளும்



இன்றைய உரைப்பொருள் கணக்கு. விழா மேடையில் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சமணம் கணக்கை ஒதுக்கி வைத்த சமயம் அன்று. ஆகமப் பொருளை நான்கு அனுயோகங்களாகப் பகுத்த ஆசிரியர்கள், அவற்றுள் ஒன்றைக் கரணானுயோகம் என வகுத்து, உலகின் அளவையும் காலத்தின் அளவையும் அதனுள் அடக்கினர். இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ 850-ஆம் ஆண்டில், மகாவீராச்சாரியார் கணித சார சங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். அந்நூல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியாரால் பதிப்பிக்கப்பெற்று, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியே வெளிவந்தது. ஆதலால் கணக்கு இம்மேடைக்குப் புதிய விருந்தாளி அன்று.

சொல்லப் புகும் செய்தி மிக எளிய செயல் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பன்னிரண்டு பழங்கள் இருக்கின்றன. மிச்சம் வராமல் அவற்றைச் சமமாகப் பங்கிட வேண்டும். ஒருவர்க்கே கொடுக்கலாம், இருவர்க்கு, மூவர்க்கு, நால்வர்க்கு, அறுவர்க்கு, பன்னிருவர்க்கும் கொடுக்கலாம். ஐவர்க்குக் கொடுக்க இயலாது, எழுவர்க்கும் இயலாது. ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்று பள்ளிப் பாடநூல் கூறும். பன்னிரண்டின் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. இவற்றுள் அந்த எண்ணை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கூட்டிப் பார்த்தால் 1, 2, 3, 4, 6 ஆகியவை சேர்ந்து 16 ஆகின்றன. பன்னிரண்டின் பகுதிகள் பன்னிரண்டை விஞ்சிவிட்டன.

பத்தை எடுத்துக்கொண்டால் அதன் பகுதிகள் 1, 2, 5, கூட்டுத்தொகை 8. இங்கே பகுதிகள் முழுமையை எட்டவில்லை. இருபத்தெட்டை எடுத்துக்கொண்டால் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. மிகவும் இல்லை, குறையவும் இல்லை. கிரேக்கர் இம்மூவகையையும் பிரித்தறிந்து பெயரிட்டனர். பகுதிகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாயின் நிறைவெண், குறைந்தால் குறைவெண், மிகுந்தால் மிகையெண். நிறைவெண்ணைச் செவ்விய எண் என்று சில தமிழ் நூல்கள் வழங்கும்.

ஒன்று முதல் நூறு வரை ஒவ்வோர் எண்ணையும் இவ்வாறு சோதித்தால் நிறைவெண்கள் இரண்டே: 6, 28. மிகையெண்கள் 22. எஞ்சிய 76 எண்களும் குறைவெண்கள். பகா எண்கள் யாவும் குறைவெண்களே. ஏனெனில் அவற்றுக்கு ஒன்றைத் தவிர வேறு பகுதி இல்லை. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே செல்லும் 4, 8, 16, 32 என்னும் வரிசையும் குறைவெண்களே. ஆயினும் இவற்றில் குறை ஒவ்வொன்றிலும் சரியாக ஒன்றே: எட்டுக்கு 7, பதினாறுக்கு 15, முப்பத்திரண்டுக்கு 31. சரியாக ஒன்று மட்டும் மிகும் எண் உண்டா? இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்று நிறுவியவரும் இலர். பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய கேள்விக்கு உலகப் பேரறிஞர்களிடமும் விடையில்லாத இந்நிலை இத்துறையில் அடிக்கடி எதிர்ப்படும்.

ஆறின் மடங்குகளைப் பற்றி ஒரு சொல். 6-க்குப் பின் வரும் 12, 18, 24, 30 ஆகிய மடங்குகள் அனைத்தும் மிகையெண்கள். காரணம் எளிது. அத்தகைய எண் எதுவாயினும் அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு ஆகிய மூன்றும் அதன் பகுதிகள். இம்மூன்றையும் கூட்டினாலே முழு எண்ணும் வந்துவிடும். ஒன்று என்னும் பகுதி இன்னும் கூட்டப்படாமல் நிற்கிறது. எனவே தொகை விஞ்சியே தீரும். காகிதமும் எழுதுகோலும் இன்றி, முடிவிலாத எண்களைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றி ஒரு முடிவு இங்கே கிட்டிவிட்டது. நூறு எண்களைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதும், இவ்வாறு காரணம் காட்டி நிறுவுவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடே இனி வரும் கதை முழுமைக்கும் அச்சாணி.

கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்தவர் நிக்கோமாக்கசு. இன்று யோர்தான் நாட்டில் செராசு என வழங்கும் கெராசா நகரினர். எண்ணியலுக்கு அறிமுக நூல் ஒன்று எழுதியவர். அந்நூல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் பள்ளிகளில் ஏதேனும் ஒரு வடிவில் பயிலப்பட்டது. மூவகை எண்களையும் விரித்துரைக்கும் இடத்தில் அவர் உவமையில் இறங்கிவிடுகிறார். மிகையெண் பத்து வாயும் மூன்று வரிசைப் பல்லும் நூறு கையும் உடைய விலங்கு போன்றதாம். குறைவெண் ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையும் உடைய பிறவி போன்றதாம். நிறைவெண் ஒன்றே அளவறிந்த அழகும் நல்லொழுக்கமும் உடையதாம். நல்லவை அரியவை என்றும், தீயவை மலிந்தவை என்றும் அதற்கு ஒரு விளக்கமும் தருகிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் கவிஞர் மனம் என்று விட்டுவிடலாம். அவர் அறிந்த நிறைவெண்கள் நான்கு: 6, 28, 496, 8128. ஒற்றை இலக்கத்தில் ஒன்று, இரண்டு இலக்கத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. இறுதி இலக்கம் 6, 8, 6, 8 என மாறி வருகிறது. இந்த நான்கைக் கொண்டு, ஒவ்வோர் இலக்க அளவிலும் ஒரே ஒரு நிறைவெண் உண்டு என்றும், அவை ஆறிலும் எட்டிலும் மாறிமாறி முடியும் என்றும் எழுதிவைத்தார். பின்வந்தோர் அதையே படியெடுத்தனர். 1456-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில் ஐந்தாம் நிறைவெண் காணப்படுகிறது: 33550336. ஐந்து இலக்கமும் இல்லை, ஆறும் இல்லை, ஏழும் இல்லை. எட்டு இலக்க எண். முதற்கூற்று வீழ்ந்தது. இத்தாலியரான கத்தால்தி 1588-இல் ஆறாம் எண்ணைக் கண்டார்: 8589869056. ஐந்தாவதும் ஆறில் முடிந்தது. ஆறாவதும் ஆறிலேயே முடிந்தது. இரண்டாம் கூற்றும் வீழ்ந்தது. நான்கு சான்று கண்டு நிக்கோமாக்கசு விதித்த விதி ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆட்சி செய்தது.

உவமையோ இன்னும் நெடுந்தொலைவு பயணம் செய்தது. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததற்கு ஆறு நிறைவெண்ணாய் இருப்பதைக் கிறித்தவ ஞானி அகுஸ்தீன் பொருத்திக் காட்டினார். எட்டாம் நூற்றாண்டில் யார்க் நகர அல்குவின், பெருவெள்ளத்துக்குப் பின் நோவாவின் கலத்திலிருந்து இறங்கியோர் எண்மர் ஆதலாலும், எட்டு குறைவெண் ஆதலாலும், அந்த இரண்டாம் தோற்றம் முதற்படைப்பினும் குறையுடையது என்றார்.

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் இந்த அவையிலேயே சிலர் உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். திரவியங்கள் ஆறு. முனிவர்க்குரிய மூலகுணங்கள் இருபத்தெட்டு. இரண்டும் நிறைவெண்கள்! நூறுக்குட்பட்ட இரண்டு நிறைவெண்களும் சமண நெறியில் அமைந்திருப்பது தற்செயலா என்று துண்டறிக்கை அச்சிடக்கூட ஒருவர் முன்வரலாம். அவர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மும்மணிகள் மூன்று, மூன்று குறைவெண். மாவிரதங்கள் ஐந்து, குறைவெண். தத்துவங்கள் ஏழு, பதார்த்தங்கள் ஒன்பது, இரண்டும் குறைவெண்களே. தீர்த்தங்கரர் இருபத்து நால்வர். இருபத்து நான்கின் பகுதிகளைக் கூட்டினால் 36, ஆகவே அது மிகையெண். நிறைவெண் என்பதால் இருபத்தெட்டுக்குச் சிறப்பு என்றால், குறைவெண் என்பதால் மும்மணிக்கு என்ன சொல்வது? பொருந்துவதை எடுத்துக்கொண்டு பொருந்தாததைக் கண்மூடி விடுவது நிக்கோமாக்கசின் வழி. மூலகுணம் இருபத்தெட்டாக இருப்பது ஐந்து விரதமும், ஐந்து சமிதியும், ஐம்புலன் அடக்கமும், ஆறு ஆவசியகமும், எஞ்சிய ஏழும் சேர்வதால். பதினான்கும் ஏழும் அதன் பகுதிகளாய் இருப்பதால் அன்று.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொற்கள். நிறை என்றால் தமிழில் எடை உண்டு, முழுமை உண்டு, நெஞ்சுறுதி உண்டு. குறை என்றால் குற்றமும் உண்டு, முறையீடும் உண்டு. கணக்கர் அச்சொற்களை எடுத்து ஒரு கூட்டல் முடிவுக்குப் பெயராக ஒட்டினார். பெயரோடு பழைய பொருளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நிக்கோமாக்கசு இகழ்ந்த மிகையெண்களைத்தான் உலகம் தன் வாழ்க்கைக்குத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கலத்துக்கு மரக்கால் பன்னிரண்டு. நாழிகை அறுபது கொண்டது ஒரு நாள். ரூபாய்க்கு அணா பதினாறு, அணாவுக்குப் பை பன்னிரண்டு என்று ரூபாய்க்கு 192 பைகள் இருந்த காலத்தை முதியோர் அறிவர். பன்னிரண்டும் அறுபதும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டும் மிகையெண்கள். தமிழர் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. இந்த 320, 80, 20 மூன்றும் மிகையெண்களே. களத்துமேட்டில் நெல்லை அளந்து பங்கிட்டவர்க்கு எண் அழகாய் இருப்பதினும் பல வகையில் பிளவுபடுவதே வேண்டியிருந்தது. 320-க்கு ஒரு குறையும் உண்டு: மூன்றால் அது வகுபடாது. கால், அரைக்கால், மாகாணி என்று நுணுகிச் செல்லும் அந்த அழகிய முறையில் மூன்றில் ஒரு பங்கை மிச்சமின்றிச் சொல்ல வழியில்லை. 192 பைகளை மூவர்க்குச் சரியாகப் பங்கிடலாம். 1957-இல் வந்த நூறு பைசாக்களைப் பங்கிட முடியாது.

கிரேக்கத்திலேயே பிளேட்டோ இதை உணர்ந்திருந்தார். சட்டங்கள் என்னும் தம் நூலில் நல்ல நகருக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்கிறார். 5040-க்குத் தன்னை நீக்கி 59 காரணிகள் உண்டு. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும். நிலப் பங்கீட்டுக்கும் வரிக்கும் படைக்கும் இது வாய்ப்பு என்பது அவர் கருத்து.

காரணிகளைக் கூட்டாமல் எண்ணிக்கையால் மட்டும் பார்க்கும் இந்நோக்கைத் தனித் துறையாகவே ஆக்கியவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன். தனக்கு முன் உள்ள எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகள் உடைய எண்களை அவர் திரட்டினார்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அது செல்லும். இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915-இல் அக்கட்டுரை வெளிவந்தது. சென்னையில் கல்லூரித் தேர்வில் தேறாதவர்க்குக் கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் 1916-இல் பட்டம் அளித்தது அந்த ஆய்வுக்காகத்தான். இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் இரண்டின் அடுக்கு மூன்றின் அடுக்குக்குக் குறையாது; மூன்றின் அடுக்கு ஐந்தின் அடுக்குக்குக் குறையாது; இறுதியாக வரும் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும், 4, 36 ஆகிய இரண்டு மட்டும் விலக்கு. இவை பட்டியலைப் பார்த்துச் சொன்னவை அல்ல, அவர் நிறுவியவை. வியப்பு என்னவெனில், கையால் கணித்து 6746328388800 வரை அவர் தந்த நெடும்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது: 293318625600. நிறுவியவற்றில் ஒன்றும் பிழைபடவில்லை. எண்ணிப் பார்த்ததில் ஒன்று தவறிற்று. கழகத்துக்குப் பணமுடை இருந்தமையால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அது 1997-இல்தான் அச்சுக் கண்டது.

இனி நிறைவெண்களுக்குத் திரும்பலாம். ஏறத்தாழ கி.மு. 300-இல் யூக்ளிட் தம் மூலங்கள் என்னும் நூலின் ஒன்பதாம் பாகத்தை ஒரு நிறைவெண் விதியோடுதான் முடிக்கிறார். ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே கூட்டுக: 1, 2, 4, 8, 16 என. கூட்டுத்தொகை எங்கே பகா எண்ணாகிறதோ அங்கே நின்று, அத்தொகையைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்குக. வருவது நிறைவெண்.

ஒன்றும் இரண்டும் மூன்று. மூன்று பகா எண். மூன்றை இரண்டால் பெருக்க 6. அதனோடு நான்கைச் சேர்த்தால் ஏழு. ஏழை நான்கால் பெருக்க 28. எட்டைச் சேர்த்தால் 15; அது பகா எண் அன்று, கடந்து செல்ல வேண்டும். பதினாறைச் சேர்த்தால் 31. அதைப் பதினாறால் பெருக்க 496. ஏன் இது தவறாமல் அமைகிறது? 496-இன் பகுதிகளை இரு வரிசையாக வைத்தால் தெரியும். முதல் வரிசை 1, 2, 4, 8, 16, தொகை 31. இரண்டாம் வரிசை 31, 62, 124, 248, தொகை 465. இரண்டும் சேர்ந்து 496. முப்பத்தொன்று பகா எண் ஆனதால் வேறு பகுதி எதுவும் இடையில் நுழைய வழியில்லை. பதினைந்தில் நில்லாமல் கடந்ததன் காரணமும் இதுவே. விதியை மீறிப் பதினைந்தை எட்டால் பெருக்கினால் 120 வரும். பதினைந்து உடைந்து மூன்றும் ஐந்தும் உள்ளே புகுந்துவிடுவதால் 120-இன் பகுதிகள் பெருகி 240 ஆகின்றன. எண்ணைப் போல் சரியாக இருமடங்கு! நிறைவைத் தேடிச் சென்றவர்க்கு மிகை கிட்டியது.

இவ்விடத்தில் சமண நூல்வழி வந்த ஒரு சொல் உதவிக்கு வருகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், சட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை வகுத்த வீரசேனாச்சாரியார், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்று குறித்தார். எட்டை மூன்று முறை பாதியாக்கினால் ஒன்று வரும்; எட்டின் அர்த்தச்சேதம் மூன்று. உலக அளவு போன்ற மாபெரும் எண்களைக் கையாள அவருக்கு அக்கருவி தேவைப்பட்டது. நிறைவெண்களின் மேல் அக்கருவியை வைத்துப் பார்க்கலாம். ஆறை ஒரு முறை பாதியாக்கலாம், மூன்றில் நிற்கும். இருபத்தெட்டு இரண்டு முறை; ஏழில் நிற்கும். 496 நான்கு முறை: 248, 124, 62, 31. 8128 ஆறு முறை, 127-இல் நிற்கும். அர்த்தச்சேதங்கள் 1, 2, 4, 6. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 2, 3, 5, 7. பகா எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. 33550336 பன்னிரண்டு முறை பாதியாகி 8191-இல் நிற்கும். பன்னிரண்டோடு ஒன்று சேர்த்தால் 13. அதுவும் பகா எண்.

ஏழுக்குப் பின் பதின்மூன்று வந்துவிட்டதே, இடையில் பதினொன்று எங்கே போயிற்று? இதுதான் உற்றுநோக்க வேண்டிய இடம். பதினோரு எண்களைக் கூட்டும்போது வரும் தொகை 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது. பகா எண் அன்று. 2, 3, 5, 7 என நான்கைப் பார்த்து, எல்லாப் பகா எண்களும் நிறைவெண் தரும் என்று விதி செய்திருந்தால் ஐந்தாம் அடியிலேயே கால் இடறியிருக்கும்.

எந்த அடுக்கில் பகா எண் வரும் என்பதைப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் பட்டியலிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே என்றார். அவற்றுள் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பிழை முற்றும் களையப்பட மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 67-ஆம் அடுக்கு பகா எண்ணைத் தராது என்று லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதர் 1876-இல் காட்டிவிட்டார். அதன் காரணிகள் எவை என்று மட்டும் தெரியவில்லை. 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இரண்டை 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இருபுறமும் 147573952589676412927 என்று வந்தது. மௌனமாகவே போய் அமர்ந்தார் என்று சொல்வர். பேசாமல் ஆற்றிய அந்த உரையைவிடச் சுருக்கமான உரையை இந்த அரங்கு எதிர்பார்க்க முடியாது.

யூக்ளிட் தந்தது நிறைவெண் பெறும் ஒரு வழி. வேறு வழி இல்லையா? இரட்டைப்படை நிறைவெண் எதுவாயினும் யூக்ளிட் வழியில் வந்ததாகவே இருக்கும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். அந்நிறுவல் அவர் மறைந்து பல்லாண்டு கழித்து 1849-இல்தான் அச்சாயிற்று. 1772-இல் அவரே எட்டாம் நிறைவெண்ணை உறுதிசெய்தார்: 2305843008139952128. இன்று கணினிகள் அப்பணியைச் செய்கின்றன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்து அறியப்பட்ட நிறைவெண்கள் 52. அவற்றுள் பெரியது எட்டுக் கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உடையது. அதன் அர்த்தச்சேதம் 136279840. இவ்வெண்கள் முடிவின்றித் தொடருமா, எங்கேனும் நின்றுவிடுமா என்பது யாருக்கும் தெரியாது.

ஐம்பத்திரண்டும் இரட்டைப்படை எண்கள். ஒற்றைப்படை நிறைவெண் இல்லை என்று சொல்லிவிடலாமா? நிக்கோமாக்கசு வழியில் நடப்பவர் சொல்லிவிடுவார். அவசரத்துக்கு எச்சரிக்கையாக மிகையெண்களே ஒரு பாடம் வைத்திருக்கின்றன. 12, 18, 20 என்று தொடங்கி இருநூறுக்கு மேற்பட்ட மிகையெண்கள் ஒன்று விடாமல் இரட்டைப்படையாகவே வருகின்றன. பார்த்துக்கொண்டே வருபவர் மிகையெண் என்றாலே இரட்டைப்படைதான் என்று முடிவு கட்டும் வேளையில் 945 வருகிறது. அதன் பகுதிகளின் தொகை 975. ஒற்றைப்படை மிகையெண்களில் முதலாவது அதுவே. அதன்பின் அவை ஓயாது வருகின்றன. இருநூறு சான்றுகளும் 945-ஐத் தடுக்கவில்லை.

ஒற்றைப்படை நிறைவெண்ணை 1638-இலேயே ஏறத்தாழத் தொட்டுவிட்டவர் தத்துவ அறிஞர் தேக்கார்த். மெர்செனுக்கு எழுதிய மடலில் அவர் ஓர் எண்ணைக் காட்டினார்: 198585576189. இது 3, 7, 11, 13 ஆகிய நான்கின் வர்க்கங்களையும், அவற்றோடு 22021-ஐயும் பெருக்கி வருவது. 22021-ஐப் பகா எண் என்று கொண்டு காரணிகளைக் கூட்டினால், பகுதிகளின் தொகை எண்ணுக்கு இம்மியும் பிசகாமல் சமமாகிறது. ஒற்றைப்படை நிறைவெண் கைக்கு வந்தேவிட்டது போன்ற தோற்றம். ஆனால் 22021 பகா எண் அன்று; அது 19-இன் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி வருவது. அந்த ஒரு விரிசல் வழியே 19-உம் 61-உம் பல புதிய காரணிகளை உள்ளே கொண்டுவந்துவிடுகின்றன, நிறைவு கலைந்துவிடுகிறது. தேக்கார்த் இதை அறியாமல் எழுதியவர் அல்லர். பகா எண் அல்லாததைப் பகா எண் என்று கொண்டால் மட்டுமே பொருந்தும் என்பதை அறிந்தே, ஒற்றைப்படை நிறைவெண் அமைய முடியாது என்று கருதக் காரணம் காணவில்லை என்பதற்கு அதைக் காட்டினார்.

அதற்குப் பின் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் ஆகின்றன. ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று இருக்குமாயின் அது 1500 இலக்கங்களுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2012-இல் நிறுவப்பட்டது. குறைந்தது பத்து வெவ்வேறு பகா எண்கள் அதில் காரணிகளாக இருக்க வேண்டும் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. அத்தகைய எண் எதையும் கண்டவர் இலர். இருக்கவே இயலாது என்று காட்டியவரும் இலர். தேக்கார்த் காட்டியதைப் போன்று, பகா எண் அல்லாத ஒன்றைப் பகா எண்ணாகக் கொண்டால் நிறைவெண் போல் தோன்றும் ஒற்றைப்படை எண்ணும் அந்த 198585576189-ஐ அன்றி இன்னொன்று இதுவரை கிடைத்திலது.